ஊர் யாருக்குக் கட்டுப்பட்டது?
கானா நாட்டின் தலைமைப் பிணக்குகளும் நீதிமன்றமும் – கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டியவை

காணி இழந்தவனுக்கு முதலில் எழும் கேள்வி "நான் எப்போது திரும்பிப் போவேன்?" என்பதாகும். திரும்பிச் சென்றபின் எழும் கேள்வி அதைவிடக் கடினமானது. "இந்த மண்ணில் நான் யாருடைய அனுமதியோடு கமம் செய்கிறேன்?" என்பதே அது. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் கமக்காரர்கள் இந்த இரண்டாவது கேள்வியோடு முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றார்கள். அங்கே ஓர் ஊர் எந்தத் தலைவருக்குக் கட்டுப்பட்டது என்ற பிணக்கு வெறும் மானப் பிரச்சினை அன்று. காணியின் வருமானம் யாருக்குப் போகும், நீதி கேட்டு யாரிடம் போவது, சண்டை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பவையெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. இப்பிணக்குகள் நீதிமன்றத்தில் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன, எங்கே தீராமல் நின்றுவிடுகின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முக்காலியும் தோலும்

கானாவில் குடியரசு ஆட்சி நடக்கின்றது. சனாதிபதியும் பாராளுமன்றமும் உண்டு. அதேவேளை பாரம்பரியத் தலைவர்களின் பதவியையும் அந்நாட்டின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு உறுதிப்படுத்தியிருக்கின்றது. தெற்கே அக்கான் மக்களிடையே தலைமையின் அடையாளம் ஒரு மர முக்காலி. வடக்கே அது விலங்கின் தோல். ஆகவே தெற்கில் ஒருவர் "முக்காலியில் ஏற்றப்பட்டார்" என்பார்கள். வடக்கில் "தோலில் இருத்தப்பட்டார்" என்பார்கள்.

இத்தலைமைகள் படிபடியாக அமைந்தவை. சிற்றூர்த் தலைவர் தனக்கு மேலுள்ள தலைவருக்குக் கட்டுப்படுவார். அவர் பெருந்தலைவருக்குக் கட்டுப்படுவார். அசாந்தே நாட்டில் பெருந்தலைவர்களுக்கும் மேலே, குமாசி நகரில் அசாந்தேஹெனே என்ற அரசர் இருக்கின்றார். புதிதாகப் பதவியேற்கும் தலைவர் தன் மேல்தலைவர் முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். யார் முன்னிலையில் சத்தியம் செய்தாரோ அவருக்கே அவ்வூர் கட்டுப்பட்டது என்பது வழமை.

இதில் காணி எங்கே வருகின்றது? முக்காலிக்குரிய காணிகள் மக்களின் சார்பில், அவர்களுக்கான பொறுப்பாக, அந்த முக்காலியிடம் இருக்கின்றன என்று அரசியலமைப்பின் 267ஆம் உறுப்புரை கூறுகின்றது. அக்காணிகளிலிருந்து வரும் குத்தகையும் கட்டணங்களும் எப்படிப் பங்கிடப்பட வேண்டும் என்பதும் அதிலே உண்டு. நூறு செடி (கானா நாணயம்) வருமானம் கிடைத்தால் முதலில் 10 செடி நிருவாகச் செலவுக்கு எடுக்கப்படும். மிகுதி 90 செடியில் 25 வீதமான 22.50 செடி முக்காலிக்கு. 20 வீதமான 18 செடி பாரம்பரிய அதிகார சபைக்கு. 55 வீதமான 49.50 செடி மாவட்ட சபைக்கு. ஆகவே ஓர் ஊர் எந்த முக்காலியின் கீழ் என்பது மாறினால், பணம் போகும் வழியும் மாறிவிடும். இரு தலைவர்கள் ஒரே ஊருக்கு உரிமை கோரும்போது, "எனக்கே கட்டு" என்று இருவரும் கேட்கும் நிலைக்குக் கமக்காரர் ஆளாகின்றார்.

டெக்கிமானும் அதன் ஊர்களும்

இப்பிணக்குகளில் மிகவும் பேசப்பட்டது டெக்கிமான் வழக்கு. டெக்கிமான் கானாவின் நடுப்பகுதியிலுள்ள நகரம். அதன் சந்தை மேற்கு ஆபிரிக்காவின் பெரிய விளைபொருட் சந்தைகளுள் ஒன்று. சோளமும், எமது இராசவள்ளிக்கு உறவான யாம் கிழங்கும் அங்கே லொறி லொறியாக வந்து இறங்கும். அங்கு வாழ்வோர் பொனோ மக்கள்.

1722–23ஆம் ஆண்டுகளில் அசாந்தே படை பொனோ அரசைத் தோற்கடித்தது. அதன்பின் டெக்கிமானைச் சூழவிருந்த பல ஊர்கள் குமாசியிலிருந்த அசாந்தே தலைவர்களின் பொறுப்பில் விடப்பட்டன. டுவோபோடொம், புவோயெம், தானோசோ முதலியன அவ்வகை ஊர்கள். ஊர் டெக்கிமானுக்குப் பக்கத்தில், கட்டளை குமாசியிலிருந்து.

1896இல் பிரித்தானியர் அசாந்தே அரசர் முதலாம் பிரெம்பேயைச் சிறைபிடித்து நாடுகடத்தினார்கள். அசாந்தேயின் பிடி தளர்ந்தது. ஆனால் 1935இல் அதே பிரித்தானியர், மறைமுக ஆட்சி தமக்கு வசதியானது என்று கண்டு, அசாந்தே கூட்டமைப்பை மீண்டும் நிறுவினார்கள். டெக்கிமானும் அதில் சேர்க்கப்பட்டது. தன் ஊர்களைத் திருப்பித் தருமாறு டெக்கிமான் கோரியது. கோரிக்கையை விசாரித்தது அசாந்தே கூட்டமைப்பின் உரிமைகள் பற்றிய குழு. தீர்ப்பு டெக்கிமானுக்குப் பாதகமாக அமைந்தது. எதிர்த்தரப்பாரே நீதிபதிகளின் ஆசனத்தில் இருந்தார்கள் என்ற மனக்குறை அன்று தோன்றியது. அது இன்றுவரை ஆறவில்லை.

1951இல் டெக்கிமான், டோர்மா முதலிய பொனோ தலைமைகள் தமக்கென ஓர் ஒன்றியத்தை அமைத்தன. நாடு 1957இல் சுதந்திரம் பெற்றது. 1959இல் க்வாமே நிக்ரூமாவின் அரசாங்கம் அசாந்தேயிலிருந்து பிரித்து பிரோங்-அஹாபோ என்ற தனிப் பிராந்தியத்தை உருவாக்கியது. அதே காலத்தில் அரசாங்கத்துக்கு ஆதரவான தலைவர்கள் சிலர் பெருந்தலைவர்களாகவும் உயர்த்தப்பட்டார்கள். 1966இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் ஓர் ஆணையின் மூலம் அந்த உயர்வுகள் இல்லாதொழிக்கப்பட்டன. ஆட்சி மாற மாற, தலைவர்களின் படியும் ஏறி இறங்கியது. ஊர்ப் பிணக்குக் கட்சிப் பிணக்கானது இப்படித்தான்.

1990களில் குமாசி அரசர் இந்த ஊர்களின் தலைவர்கள் சிலரைப் பெருந்தலைவர்களாக உயர்த்தியபோது டெக்கிமானில் கொந்தளிப்பு ஏற்பட்டது. டுவோபோடொம் ஊரில் இரண்டு தலைவர்கள் இருக்கும் நிலை வந்தது. ஒருவர் டெக்கிமானுக்குக் கட்டுப்பட்டவர். மற்றவர் குமாசிக்குக் கட்டுப்பட்டவர். 2010ஆம் ஆண்டின் முற்பகுதியில் குமாசி சார்பான தலைவர் பிடிக்கப்பட்டு டெக்கிமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கலவரம் மூண்டது. உயிர்கள் பலியாயின, ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. 2019இல் பிரோங்-அஹாபோ மூன்று பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, டெக்கிமான் பொனோ கிழக்குப் பிராந்தியத்தின் தலைநகரானது. வரைபடத்தில் கோடு மாறியது. ஆனால் சத்தியம் யாருக்குச் செய்வது என்ற கேள்வியைக் கோட்டினால் மாத்திரம் தீர்த்துவிட முடியாது.

வழக்கு எங்கே போகும்?

இப்படியான பிணக்கைச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பது கானாச் சட்டத்தின் முக்கியமான விதி. 1993ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தலைமை பற்றிய வழக்குகளை மேல் நீதிமன்றமோ மேன்முறையீட்டு நீதிமன்றமோ விசாரிக்கக் கூடாது என்கின்றது. "தலைமை பற்றிய வழக்கு" என்றால் என்ன என்பதை 2008ஆம் ஆண்டு தலைமைச் சட்டம் வரையறுக்கின்றது. தலைவரைத் தெரிவு செய்தல், பதவியிறக்கல், முக்காலிச் சொத்தை மீட்டல் ஆகியவற்றோடு, வழமைச் சட்டத்தின்படி தலைவர்களுக்கிடையே உள்ள உறவும் அதில் அடங்கும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது இந்தக் கடைசி வகைக்குள் வருகின்றது.

அப்படியானால் விசாரிப்பது யார்? தலைவர்களின் சபைகளே. அவை பின்வருமாறு படிகளாக அமைந்துள்ளன.

முதற்படி: பாரம்பரிய சபையின் நீதிக் குழு. பெருந்தலைமை சம்பந்தப்படாத சிறு பிணக்குகள் இங்கே.

இரண்டாம் படி: பிராந்தியத் தலைவர்கள் சபையின் நீதிக் குழு. மூன்று தலைவர்கள் இருந்து விசாரிப்பார்கள். பெருந்தலைமை பற்றிய வழக்குகள் இங்கேயே தொடங்கும்.

மூன்றாம் படி: தேசியத் தலைவர்கள் சபையின் நீதிக் குழு. ஐந்து தலைவர்கள் விசாரிப்பார்கள். பிராந்தியத் தீர்ப்புகளின் மேன்முறையீடு இங்கே வரும். ஒன்றுக்கு மேற்பட்ட பிராந்திய சபைகளின் எல்லைக்குள் வரும் பிணக்கு நேரடியாகவே இங்கு தொடங்கும். குமாசி ஒரு பிராந்தியத்திலும் டெக்கிமான் இன்னொரு பிராந்தியத்திலும் இருப்பதால், இந்த விதி எவ்வளவு முக்கியமானது என்பதை வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

இறுதிப்படி: நாட்டின் உயர் நீதிமன்றம். அனுமதி பெற்றே இங்கு மேன்முறையீடு செய்யலாம்.

நீதிக் குழுக்களில் இருக்கும் தலைவர்களுக்குத் துணையாக அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரும் நியமிக்கப்படுகின்றார். தலைவர்களுக்கு வழமை தெரியும். சட்டத்தரணிக்குச் சட்டம் தெரியும். இரண்டும் சேர்ந்தாலே நியாயம் கிடைக்கும் என்பது இதன் நோக்கம்.

எழுத்தில்லாத உறுதி

எமது மக்கள் உறுதியையும் தோம்பையும் கையிலெடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போவார்கள். முக்காலி வழக்கில் பெரும்பாலும் அப்படி ஒன்றுமில்லை. முன்னோர் சொன்ன வரலாறே சாட்சி. எங்கள் பாட்டன் உங்கள் பாட்டனுக்கு இடம் கொடுத்தான் என்று ஒருவர் சொல்வார். இல்லை, நாங்களே முதலில் வந்தோம் என்று மற்றவர் சொல்வார். இருவரும் உண்மை என்று நம்பியே சொல்வார்கள்.

இதற்கு 1957இல் கோமறைக் கழகம் ஒரு வழி காட்டியது. இலங்கையின் வழக்குகளும் 1971 வரை மேன்முறையீடாகச் சென்ற அதே இலண்டன் மன்றம்தான் அது. அஜெய்பி-கோஜோ எதிர் பொன்சி என்ற அவ்வழக்கில், இரு தரப்புப் பழங்கதைகளும் முரண்படும்போது சாட்சி சொல்பவரின் முகத்தையும் தோரணையையும் பார்த்து முடிவு செய்வதில் பயன் குறைவு என்று கூறப்பட்டது. அண்மைக் காலத்தில் நடந்த, நிரூபிக்கப்பட்ட செயல்களோடு ஒப்பிட்டு, எந்தக் கதை அவற்றுக்குப் பொருந்துகின்றது என்று பார்க்க வேண்டும் என்பதே அந்த விதி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த ஊரில் காணி பிரித்துக் கொடுத்தவர் யார்? புதுத் தலைவர் யார் முன் சத்தியம் செய்தார்? குத்தகை யாரிடம் செலுத்தப்பட்டது? இவையே கேட்கப்படும் கேள்விகள்.

இதனால் சாதாரணக் கமக்காரர் ஒருவரின் பழைய குத்தகைத் துண்டு, அரச வம்சத்தின் பெருங்கதையைவிடப் பாரமாக நிற்கும் வேளைகளும் உண்டு.

கட்டுப்பாடு வேறு, காணி வேறு

இன்னொரு கோட்பாட்டையும் கானா நீதிமன்றங்கள் வளர்த்திருக்கின்றன. ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்குக் கட்டுப்பட்டவர் என்பதனால் மட்டும் அவருடைய ஊர்க் காணியெல்லாம் மேல்தலைவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆளும் அதிகாரம் ஒன்று; காணியுரிமை இன்னொன்று. அதுபோலவே, முக்காலிக்குரிய குடிமகன் ஒருவன் முக்காலிக் காணியில் காடு வெட்டிக் கமம் செய்தால் அவனுக்கு அங்கே நிலையான அனுபவ உரிமை உண்டாகின்றது. அது பிள்ளைகளுக்கும் செல்லும். அவன் சம்மதமின்றித் தலைவரும் அதைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. 1957ஆம் ஆண்டு ஒஹிமென் எதிர் அட்ஜெய் வழக்கில் நீதிபதி ஒலெனு இதைத் தெளிவுபடுத்தினார்.

ஆனால் வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனின் நிலை இவ்வளவு பாதுகாப்பானதன்று. அவன் வாரத்துக்கே கமம் செய்கின்றான். விளைவில் மூன்றிலொரு பங்கைக் காணிக்காரருக்குக் கொடுப்பதை "அபுசா" என்றும், பாதியைக் கொடுப்பதை "அபுனு" என்றும் அழைப்பார்கள். காணிக்காரர் யார் என்றே பிணக்கு எழும்போது முதலில் அல்லல்படுபவன் இந்த வாரக் கமக்காரனே.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தலைமை வழக்குத் தலைவர்கள் சபையில். காணி வழக்கு மேல் நீதிமன்றத்தில். ஒரே பிணக்கு இரண்டு வழக்குகளாகி, இரண்டு வாசல்களில், இரண்டு மடங்கு செலவோடு ஆண்டுக்கணக்கில் நடக்கும். முடியும்வரை ஊரின் நிலை முடிவின்றி நிற்கும்.

சபையில் ஆசனம் இல்லாதவர்கள்

நீதிபதிகள் எல்லாரும் தலைவர்களே என்றால், தலைவர் இல்லாத மக்களின் கதி என்ன? இதற்குப் பதில் வடகானாவின் கொன்கொம்பா மக்களின் துயரக் கதையில் இருக்கின்றது.

கொன்கொம்பா மக்கள் யாம் கிழங்குக் கமக்காரர்கள். பெரிய அரசர்கள் இல்லாமல் குடும்ப மூப்பரின் சொற்படி வாழ்ந்தவர்கள். பிரித்தானியர் தமது நிருவாக வசதிக்காக அவர்களை டகொம்பா, நனும்பா முதலிய அரசர்களின் கீழ் அடக்கினார்கள். வரி, காணிக்கை, அபராதம் யாவும் அயல் இனத்தவரின் அரண்மனைக்குச் சென்றன. வடக்கின் காணிகள் 1979ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அரசாங்கத்திடமிருந்து பாரம்பரிய உரிமையாளரிடம் திரும்பியபோது, உரிமையாளராகக் கருதப்பட்டவை பெரிய அரசுகளே. கொன்கொம்பா மக்கள் குடியேறியவர்களாகவே எண்ணப்பட்டார்கள். 1981இல் நனும்பா மக்களோடு முதற் போர் மூண்டது.

1993இல் கொன்கொம்பா இளைஞர் சங்கம் தமக்கெனச் சபோபா ஊரில் ஒரு பெருந்தலைமை வேண்டும் என்று தேசியத் தலைவர்கள் சபைக்கு விண்ணப்பித்தது. பெருந்தலைவர் இருந்தால்தான் பிராந்திய சபையில் ஆசனம். ஆசனம் இருந்தால்தான் தம் வழக்கைத் தீர்ப்போர் மத்தியில் தமக்கும் ஒரு குரல். டகொம்பா அரசரான யா-நா இதை மறுத்தார். இவர்கள் டோகோ நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றே பதில் வந்தது. 1994இன் தொடக்கத்தில் ஒரு சந்தையில் கினிக்கோழியின் விலை பற்றி எழுந்த வாய்த்தர்க்கம் பெரும் போரானது. வெளியார் அதைக் "கினிக்கோழிப் போர்" என்றார்கள். ஆனால் கோழிக்காகவா இத்தனை பேர் மாண்டார்கள்? 2,000 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். 150,000 பேருக்கும் மேல் இடம்பெயர்ந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் எரிந்தன. யாம் மேடுகள் கவனிப்பாரற்றுப் போயின. அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கும் இல்லாமற் போயிற்று. அகதி முகாம் வாழ்வை அறிந்த எமது வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

தீர்ப்பும் சமாதானமும்

இந்தப் போரை எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை. உதவிப் பணிக்கு வந்த அமைப்புகள், திருச்சபை சார்ந்தவை உட்பட, ஒன்றாகச் சேர்ந்தன. நைரோபி சமாதான முன்முயற்சி என்ற ஆபிரிக்க அமைப்பின் துணையோடு சண்டையிட்ட இனத்தவரைக் குமாசியில் ஒரே மேசையில் இருத்தின. உடன்படிக்கையின் வரைபு பிரதிநிதிகளோடு ஊர்களுக்குச் சென்றது. மக்கள் அதைக் கேட்டுத் தம் கருத்தைச் சொன்னபின், 1996 மார்ச் 28ஆம் திகதி குமாசி உடன்படிக்கை கைச்சாத்தானது. இன்று சபோபாவுக்கு ஒரு பெருந்தலைவர் இருக்கின்றார். நீதிமன்றம் கொடுக்காததைப் பொறுமையான பேச்சு கொடுத்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. டகொம்பா அரசின் வாரிசுரிமை பற்றி ஆண்டானி, அபுடு என்னும் இரு குடும்பங்களிடையே நீண்ட வழக்கு நடந்தது. 1986இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பு வழங்கியது. ஆனால் தோற்ற தரப்பின் மனம் ஆறவில்லை. 2002 மார்ச்சில் யெண்டி நகரில் யா-நா இரண்டாம் யாக்குபு ஆண்டானியும் அவரைச் சேர்ந்த பலரும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அசாந்தே அரசரின் தலைமையில் மூன்று பெருந்தலைவர்கள் கொண்ட குழுவொன்று இரு குடும்பத்தாரையும் அழைத்துப் பேசியது. இறந்த இரு அரசர்களின் ஈமக்கடன்களை எந்த ஒழுங்கில் செய்வது என்பதிலிருந்து தொடங்கி, 2018 நவம்பரில் இணக்கம் எட்டப்பட்டது. 2019 சனவரியில் புதிய யா-நா பதவியேற்றார். ஒரு பிணக்கில் தரப்பாக நிற்கும் அரசர், வேறொரு பிணக்கில் நடுவராக இருந்து சமாதானம் செய்ய முடிந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

அப்படியானால் நீதிமன்றம் வேண்டாமா? அப்படிச் சொல்வது தவறு. வழக்கு என்ற வழி இல்லையென்றால் பலமுள்ளவன் சொல்வதே சட்டமாகிவிடும். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் எடுத்துக்கொண்ட கதை எமக்குத் தெரியும். மறுபுறம், மேய்ச்சல் நிலத்துக்காக மேய்ப்பர்கள் சண்டையிட்டபோது, மூத்தவரான ஆபிரகாம் லோத்துவிடம் நீயே முதலில் தெரிந்துகொள் என்று விட்டுக்கொடுத்ததும் தெரியும். தீர்ப்பு எல்லையைக் காட்டும். அந்த எல்லையின் இருபுறமும் வாழப்போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதைக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் மற்றது நிலைக்காது.

கமக்காரர் செய்யக்கூடியவை

தலைவர்களின் பிணக்கைக் கமக்காரர் தீர்க்க முடியாது. எனினும் அதில் நசுங்காமல் இருக்கச் சில வழிகளைக் கானாவின் அனுபவம் காட்டுகின்றது. செலுத்திய ஒவ்வொரு குத்தகைக்கும் வாரத்துக்கும் துண்டு வாங்கி, பெயர், திகதி, இடம் குறித்துப் பாதுகாக்க வேண்டும். இடம்பெயரும்போது நகையோடு சேர்த்து அந்தத் துண்டுகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லையிலுள்ள மரம், கிணறு, கற்கள் எவை என்பதையும் பக்கத்துக் காணிக்காரர் யார் என்பதையும் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று எல்லையைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் உரிமை கோருவதற்காக அயலவரை "வந்தேறி" என்று அழைக்கும் பேச்சுக்கு ஊரில் இடம் கொடுக்கக் கூடாது. வடகானாவில் தீ அந்தச் சொல்லிலிருந்தே பற்றியது.

கிராமச் சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட

1. எமது ஊரில் காணிப் பிணக்கு வந்தால் முதலில் யாரிடம் போகின்றோம்? அவர் இரு தரப்புக்கும் பொதுவானவரா?

2. எழுத்தில்லாத உரிமையை நிரூபிக்க எம்மிடம் என்ன சான்றுகள் உள்ளன? அவற்றை அறிந்த முதியவர்கள் யார்?

3. வாரத்துக்குக் கமம் செய்வோரும், பெண் தலைமைக் குடும்பத்தினரும் எமது சங்கத்தில் பேச இடமுண்டா?

4. வழக்கில் வென்றவரும் தோற்றவரும் ஒரே குளத்து நீரில் வயல் செய்ய வேண்டியிருந்தால், தீர்ப்பின் மறுநாள் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன?